அரைமண்டியும் அடவும்

பரதநாட்டியம் காணச் செல்வோருள் பெரும்பாலார் நோக்குவன ஆடுவோரின் முகமும் கையுமேயாம். நட்டுவனாரோ முதற்கண் நோக்குவது காலை. முத்திரையும் பதமும் கற்கலாமென்று எண்ணி அவர்பாற் செல்லும் மாணாக்கிக்கு அவர் தருவது நிற்கும் நிலை ஒன்றும் தரையைத் தட்டும் முறை ஒன்றுமே. திங்கள் பல அவ்வாறே கழியும். அதனால் மனஞ்சலித்து விடுவாரும் உளர். ஆண்டுவிழா அரங்கில் விரைந்தேற வேண்டி இப்பகுதியைத் தாண்டிச் செல்ல விழைவாரும் உளர். கல்லூரி நாட்களில் இக்கலையைத் தொடங்குவோர் பலராகலின், இக்கால்நிலைகளின் இயல்பையும், இவற்றிற்கு இத்துணைக் காலம் வேண்டப்படுவதன் காரணத்தையும் ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

இரு பாதங்களையும் சேர்த்து, முழங்கால் வளையாது நேரே நிற்பது சமபாதம். குதிகால்களை உயர்த்தி, விரல்களின்மேல் முற்றிலும் அமர்ந்து, தொடைகளை இருபுறமும் விரிப்பது முழுமண்டி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே அரைமண்டி. பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். முழங்கால்கள் அவ்வழியே புறம்நோக்கி வளைந்திருக்கும். முதுகோ சமபாதத்தில் இருந்தவாறே நிமிர்ந்திருக்கும். குதிகால்களை ஒட்டிவைக்கச் சொல்வாரும், சில விரற்கடை இடைவெளி விடச் சொல்வாரும் உளர். அது மரபின் வேறுபாடு. முதுகு வளைதலையும் இடை பின்தள்ளி நிற்றலையும் மட்டும் எம்மரபினரும் ஒப்பார்.

இந்நிலையிற் கருத்துடன் அறியத்தக்கது ஒன்றுண்டு. பாதம் திரும்புவது பாதத்தாலன்று, முழங்காலாலுமன்று, இடுப்பு மூட்டினாலேயாம். தொடையெலும்பின் தலை பந்துபோல் உருண்டு இடுப்பெலும்பின் குழியிற் பொருந்தியிருத்தலின் பலதிசையிலும் சுழலவல்லது. முழங்காலோ கதவின் கீல்போல் மடங்கி விரிவதற்கென்று அமைந்தது. முறுக்குதலைச் சிறிதளவே தாங்கும். இடுப்பு இடங்கொடுக்குமுன் பாதத்தை மட்டும் வலிந்து திருப்புவோர்க்கு அம்முறுக்கு முழுவதும் முழங்கால்மீதே விழுகின்றது. முழங்கால், பாதத்தின் விரல்களுக்கு நேரே நில்லாது முன்சாய்ந்து நிற்குமாயின் அதுவே அடையாளம். அத்தகையார் பாதத்தின் திருப்பத்தைக் குறைத்துக்கொள்வதே தக்கது. தோழியர் நிலையோடு ஒப்பிட்டு நாணுதற்கு இதில் ஒன்றுமில்லை. இளமையிலன்றிப் பதினெட்டிலும் இருபதிலும் தொடங்குவோர் இதனை மறத்தலாகாது.

ஐரோப்பிய பாலே நடனத்திலும் கால்கள் இடுப்பிலிருந்தே புறந்திரும்புகின்றன. அங்கும் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையைச் சார்ந்த ஆசிரியர் 5 பாதநிலைகளை வகுத்தனர். அவற்றிலிருந்தே இன்றும் பயிற்சி தொடங்குகின்றது. ஆயினும் அந்நடனம் மண்ணை விட்டு மேலெழ விரும்புவது. நம் நடனம் மண்ணையே நாடுவது.

அரைமண்டியில் நின்று மண்ணைத் தொடும் வகைகளே அடவுகள். அவற்றின் தமிழ்ப் பெயர்களே செயலைச் சொல்லிவிடுகின்றன. உள்ளங்கால் முழுவதும் ஒருசேரத் தரையிற் படுவது தட்டு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி விரல்களை மேல்நோக்கி நிறுத்துவது நாட்டு. விரல்களின்மேல் எழுந்து பின் குதிகாலால் அடிப்பது மெட்டு. பரதரின் நாட்டிய சாத்திரமும் உத்கட்டிதம், சமம், அக்ரதலசஞ்சரம், அஞ்சிதம், குஞ்சிதம் எனப் பாதம் ஐவகைத்து என்கின்றது. நாட்டடவின் பாதம் அவற்றுள் அஞ்சிதத்தோடு ஒக்கும். வடமொழிப் பெயர்களை நெட்டுருச் செய்வதினும் இத்தமிழ்ச் சொற்களின் பொருளை உணர்ந்து ஆடுதல் தொடக்கத்தார்க்குப் பெரிதும் உதவும் என்பது எம் கருத்து.

நட்டுவனார் தட்டுக்கழியால் மனையில் தட்டிச் சொற்கட்டுச் சொல்ல, முதற் காலத்தில் ஒரு தாள எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. தாளத்தின் நடை மாறாது. காலின் வேலையே பெருகும். பழகிய ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டும் பிழை காண்பர். எங்ஙனமெனில், உள்ளங்கால் ஒருசேரப் படின் ஓசை ஒன்று. விரல் முன்னும் குதிகால் பின்னுமாகப் படின் ஓசை இரண்டு. சலங்கையொலி இப்பிழையை மறைத்துவிடுமாதலின் அது பின்னரே கட்டப்படுவது நன்று. வெறும் சிமெண்டுத் தரையில் நெடுநேரம் தட்டுதல் கணைக்காலுக்குக் கேடு. மரப்பலகைத் தளம் கிடைப்பின் சிறப்பு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையிலிருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் அடவுப் பயிற்சியை ஒழுங்குபடுத்தினர் என்பர். அம்மரபில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் பயின்ற பாலசரஸ்வதி அம்மையார் 1925இல் தம் ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். அக்குடும்பங்களில் குழந்தைகள் நாள்தோறும் ஆசிரியர்முன் நின்றனர். சதிர் என வழங்கிய இக்கலை 1930களில் பரதநாட்டியம் என்னும் பெயரோடு பொதுமேடைக்கு வந்து, 1936இல் நிறுவப்பெற்ற கலாக்ஷேத்திரம் முதலியவற்றின் வாயிலாகப் பிற குடும்பத்தார்க்கும் எட்டியது. கல்லூரி மாணவர்க்கோ கிழமைக்கு இரண்டொரு மணியே வாய்க்கின்றது. கிடைப்பது அவ்வளவே என்பதற்காக அரைமண்டியைச் சுருக்கி உருப்படிகளைப் பெருக்கும் வழக்கத்தை யாம் ஏற்பதற்கில்லை. கால் நில்லாதார் ஆடும் வர்ணத்தில், ஆடல் ஏறஏற உடலும் சிறிது சிறிதாக உயர்ந்து, முடிவில் அரைமண்டி என்பதே காணாமற் போவதைப் பலகால் கண்டிருக்கின்றோம்.

தனியே பயில்வோர்க்கு எளிய சோதனை ஒன்று. சுவரருகே அரைமண்டியில் நின்று, தலையின் உச்சிக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடிடச் செய்க. பின்னர்த் தட்டடவை மூன்று காலத்திலும் ஆடுக. தலை அக்கோட்டிற்கு மேலெழுவது எந்தக் காலத்தில் என்பதை அருகிருப்பார் சொல்வர். அதற்கு முந்திய காலத்திலேயே மறுநாட் பயிற்சியைத் தொடங்கலாம்.