லிட்டன்: ஓர் ஊரின் ஒரே பிரதி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஃபிரேசர் ஆறும் தாம்சன் ஆறும் கூடும் இடத்தில் லிட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் முற்பாதியில் ஊர் எல்லைக்குள் வசித்தவர்கள் சுமார் 250 பேர். சுற்றிலும் ந்லகாபமுக் பழங்குடியினரின் குடியிருப்புகள். அந்த ஆற்றுமுனையில் அவர்களுடைய முன்னோர் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்திருக்கிறார்கள். இவ்வளவு சிறிய ஊரில் இரண்டு அருங்காட்சியகங்கள் இருந்தன. ஒன்று, ஆவணக் காப்பகத்துடன் கூடிய ஊர் அருங்காட்சியகம். மற்றொன்று, லிட்டன் சீன வரலாற்று அருங்காட்சியகம்.

சீனர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு 1858இல் தங்கம் தேடி வந்தார்கள். 1880களில் கனடிய பசிபிக் ரயில் பாதை போடப்பட்டபோது சுமார் 15,000 சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். குறைந்தது 600 பேர் வேலையில் இறந்தார்கள். பாதை முடிந்த 1885இலேயே, நாட்டுக்குள் வரும் சீனர்மீது தலைக்கு 50 டாலர் வரி விதிக்கப்பட்டது. 1903இல் அது 500 டாலராக உயர்ந்தது. 1923 முதல் 1947 வரை சீனர் குடியேற்றத்துக்கு அநேகமாக முழுத் தடை. மனைவி மக்களை அழைத்துவர முடியாத ஆண்கள் தனியாகவே மூப்படைந்து இறந்தார்கள். பாட்டன் கதையைச் சொல்லப் பேரப்பிள்ளைகள் இல்லாத ஊரில், அவர்கள் வாழ்ந்ததற்கு மிஞ்சிய சாட்சி அவர்கள் புழங்கிய பொருள்கள்தான்.

லிட்டனில் அவர்கள் 1881இல் கட்டிய கோயில் 1928இல் இடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த மனையை வாங்கிய உள்ளூர்க் குடும்பம் அதன் வரலாற்றைத் தேடி அறிந்து, அதே இடத்தில் ஓர் அருங்காட்சியகம் கட்டியது. 2017இல் திறக்கப்பட்ட அதில் சுமார் 1,600 பொருள்கள் சேர்ந்தன. நான்கு ஆண்டுகள் அது திறந்திருந்தது.

2021 ஜூன் இறுதியில் வட அமெரிக்காவின் வடமேற்கில் வெப்பக் குவிமாடம் உருவானது. உயர் அழுத்தக் காற்றுத் திரள் ஒரே இடத்தில் நிலைத்து, சூடான காற்றை வெளியேற விடாமல் மூடிவைப்பதற்கு அந்தப் பெயர். கனடாவில் அதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 45.0 டிகிரி செல்சியஸ். 1937இல் பதிவான அந்த அளவு 84 ஆண்டுகள் நின்றது. ஜூன் 27 அன்று லிட்டனில் 46.6 டிகிரி. ஜூன் 28 அன்று 47.9. ஜூன் 29 அன்று 49.6. மூன்று நாளில் மூன்று முறை தேசியச் சாதனை முறிந்தது. பதின்மூன்றாம் அட்சரேகையில் இருக்கும் சென்னையின் உச்சம், 2003 மே மாதத்தில் பதிவான 45 டிகிரி. லிட்டன் இருப்பது ஐம்பதாம் அட்சரேகையில்.

அந்த வெப்ப அலையால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர் இறந்ததாக மரண விசாரணைத் துறை கணக்கிட்டது. மனிதச் செயல்களால் பூமி சூடாகாமல் இருந்திருந்தால் இத்தகைய வெப்பம் அநேகமாக நிகழ்ந்திருக்கவே முடியாது என்று காலநிலை விஞ்ஞானிகள் சில நாட்களில் கணித்துச் சொன்னார்கள்.

ஜூன் 30 மாலை லிட்டன் அருகே தீ பிடித்தது. காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம்வரை வீசியது. மாலை 6 மணிக்கு எல்லோரும் உடனே வெளியேறும்படி மேயர் உத்தரவிட்டார். முதல் புகை தெரிந்ததற்கும் எங்கு பார்த்தாலும் தீ என்ற நிலைக்கும் இடையே சுமார் 15 நிமிடங்களே இருந்தன என்று அவர் பின்னர் கூறினார். இருவர் இறந்தார்கள். ஊரின் 90 சதவீதம் எரிந்தது. இரண்டு அருங்காட்சியகங்களும் எரிந்தன.

இத்தகைய தீ, சுவர் போல எழுந்து வந்து ஊரை விழுங்குவதில்லை. காற்றில் பறக்கும் கங்குகள் முன்னால் வருகின்றன. கூரை இடுக்கு, காற்றுத் துளை, சருகு சேர்ந்த தாழ்வாரம் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் விழுகின்றன. ஒரு கட்டடம் பற்றியதும் அதன் வெப்பம் அடுத்ததைப் பற்றவைக்கிறது. சிற்றூரின் தீயணைப்புக் குழு ஒரு வீட்டுத் தீயைச் சமாளிக்கலாம். ஒரே நேரத்தில் பத்து வீடுகள் என்றால் அதன் திறன் முடிந்துவிடுகிறது.

காகிதம் சுமார் 230 டிகிரியில் பற்றுகிறது. மூடிய அறையில் தீ முற்றும்போது, அங்குள்ள எல்லாமே ஏறக்குறைய ஒரே கணத்தில் பற்றிக்கொள்கின்றன. ஃபிளாஷ்ஓவர் எனப்படும் அந்தக் கட்டத்தில் அறையின் வெப்பநிலை சுமார் 600 டிகிரி. கடிதம், கணக்குப் புத்தகம், புகைப்படம், பட்டுத்துணி, மரச்சாமான் எதுவும் அதைத் தாண்டி நிற்பதில்லை. சூளையில் 1,200 டிகிரி அளவில் சுட்ட ஜாடி நிற்கக்கூடும். அதனால் இத்தகைய தீக்குப் பிறகு ஒரு சமூகத்திடம் மிஞ்சுபவை பாத்திரங்கள். பெயர்களும் தேதிகளும் முகங்களும் எரிந்துவிடுகின்றன. சீன அருங்காட்சியகத்தின் சாம்பலைச் சலித்தபோது, 1,600 பொருள்களில் சுமார் 200 கிடைத்தன. அவற்றிலும் பெரும்பகுதி சேதமடைந்தவை.

அதே மாலையில் ஊராட்சி அலுவலகமும் எரிந்தது. ஊரின் துணைவிதிகள் காகிதத்திலும் இருந்தன, கணினியிலும் இருந்தன. கணினித் தரவுக்கு பேக்கப் எனப்படும் காப்பு நகலும் இருந்தது. எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஊரை மீண்டும் கட்ட அனுமதி கொடுக்க வேண்டிய நிர்வாகம், தன் சொந்த விதிகளையே முதலிலிருந்து தொகுக்க வேண்டியதாயிற்று.

சீன அருங்காட்சியகத்துக்கு வேறு நிலை. அதன் பொருள்களைப் படம் எடுத்து, விவரம் எழுதி, பட்டியலாக இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பட்டியல் லிட்டனுக்கு வெளியே இருந்த கணினிகளில் இருந்தது. எது எரிந்தது என்பதை அதைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்தது. எதை மீண்டும் தேடிச் சேர்க்க வேண்டும் என்பதும் தெரிந்தது. நச்சுக் குப்பை அகற்றல், தொல்லியல் ஆய்வு என்று ஊரின் மறுகட்டுமானம் ஆண்டுக்கணக்கில் தாமதமானது. அருங்காட்சியகம் அதே மனையில் கட்டப்பட்டு 2025இல் மீண்டும் திறந்தது.

லிட்டன் எரிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 8 அன்று, ஹவாயின் மாவி தீவில் லஹைனா எரிந்தது. 102 பேர் இறந்தார்கள். சுமார் 2,200 கட்டடங்கள் அழிந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹவாய் அரசின் தலைநகராக இருந்த ஊர் அது. 1859இல் கட்டிய நீதிமன்றக் கட்டடத்தில் லஹைனா மரபு அருங்காட்சியகம் இயங்கியது. 1830களில் கட்டிய பால்ட்வின் இல்லமும், சீனக் குடியேறிகள் 1912இல் கட்டிய வோ ஹிங் மண்டபமும் அருங்காட்சியகங்களாக இருந்தன. 1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டபோது நீதிமன்றத்தில் இறக்கப்பட்ட ஹவாய்க் கொடி, அதே கட்டடத்தில் காட்சிக்கு இருந்தது. நடக்கும் தூரத்துக்குள் இருந்த இவை அனைத்தும் ஒரே நாளில் எரிந்தன.

உலகில் சுமார் 1,04,000 அருங்காட்சியகங்கள் இருப்பதாக யுனெஸ்கோ 2021இல் மதிப்பிட்டது. அவற்றில் தேசிய அருங்காட்சியகங்கள் சிலவே. மற்றவற்றில் பல, ஓர் ஊர் தன் சொந்த முயற்சியில் நடத்தும் சிறிய கட்டடங்கள். முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோ, அல்லது தன்னார்வலர்கள் மட்டுமோ. அங்கே இருக்கும் பள்ளிப் பதிவேடும், கடைக் கணக்கும், திருமணப் புகைப்படமும் பெரும்பாலும் உலகிலேயே ஒரே பிரதி. 2011இல் இக்ரோம் என்ற சர்வதேசப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு அமைப்பு 136 நாடுகளின் அருங்காட்சியகங்களிடம் விசாரித்தது. காட்சிக்கு வைக்காமல் சேமிப்பறைகளில் இருக்கும் சேகரிப்புகளில் சுமார் 60 சதவீதம் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. முறையான பட்டியல் இல்லாததும், இருக்கும் பட்டியல் முழுமையாக இல்லாததும் அந்த ஆய்வில் பலர் சொன்ன குறைகள்.

கணக்கு எளிது. 1,600 பொருள்களைக் கட்டி வண்டியில் ஏற்ற, பொருளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், 26 மணி 40 நிமிடம் ஆகும். லிட்டனில் கிடைத்த 15 நிமிடத்தில் 15 பொருள்களை எடுக்கலாம். தெருவில் ஆட்கள் உயிருக்கு ஓடும்போது அதையும் யாரும் எடுக்கப்போவதில்லை, எடுக்கவும் கூடாது. அதே 1,600 பொருள்களைப் படம் எடுத்து விவரம் எழுத, பொருளுக்கு 5 நிமிடம் என்று வைத்தால், சுமார் 133 மணி நேரம் ஆகும். ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தால் 17 நாள் வேலை. ஒரு கைபேசி போதும். நகலை வேறோர் ஊரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 17 நாட்களைத் தீக்குப் பிறகு ஒதுக்க முடியாது.