இணை சேர்க்குமுன் இடுப்பைப் பாருங்கள்

அல்சேசன் போன்ற பெரிய இன நாய்கள் சில இளவயதிலேயே பின்காலை இழுத்து நடக்கின்றன. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். இது பரம்பரையாக வரும் குறை. அளவுக்கு மிஞ்சிய தீனி அதனைக் கடுமையாக்கும்.

நொண்டாத நாயிலும் இக்குறை மறைந்திருக்கலாம். எக்ஸ்ரே படமே அதைக் காட்டும். அமெரிக்காவில் 1966இல் தொடங்கப்பெற்ற விலங்கு எலும்பியல் நிறுவனம் 24 மாதம் நிறைந்த நாய்களுக்கே இடுப்புக்கான இறுதிச் சான்று வழங்குகிறது.

சோதித்த பெற்றோருக்கும் குறையுள்ள குட்டி பிறக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அதன் வாய்ப்புக் குறைகிறது. ஒரு கடுவன் எத்தனையோ குட்டிகளுக்குத் தகப்பனாகிறது. ஆகவே, குட்டி விற்போர் சோதித்தே இணை சேர்க்க வேண்டும் என்பது எமது கருத்து.

ஆடு வளர்ப்போருக்கும் இதே விதிதான். இடம்பெயர்ந்த இடத்தில் இரண்டு ஆடுகளுடன் மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு ஒரு நொண்டிக் குட்டியும் பெரும் நட்டமே. எக்ஸ்ரே எமக்கு எட்டாது, கண் இருக்கிறது. கிடாயை இரவல் வாங்குமுன் அதனை நடக்கவிட்டுப் பாருங்கள். அதன் தாயையும் முன்னைய குட்டிகளையும் விசாரியுங்கள். பிறவியிலேயே கால் குறையுள்ள கிடாயை ஒதுக்குங்கள். கிடாயை அதற்குப் பிறந்த மறிகளுடன் சேர்க்காதீர்கள்.