பழைய ஜீப்புக்குப் பின்சக்கர டிஸ்க் பிரேக் தேவைதானா?

திருப்போரூர், கேளம்பாக்கம் பகுதிகளிலிருந்து கீரை, வெண்டை ஏற்றிக்கொண்டு அடையாறு வழியாக மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கும் தியாகராய நகருக்கும் வரும் விவசாயிகள் சிலர் இன்னும் பழைய ஜீப்பை வைத்திருக்கிறார்கள். அவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். "பின்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுவிடுங்கள், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்" என்று பட்டறைகளில் யோசனை சொல்வதுண்டு. புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் பணத்தை எடுக்குமுன் சற்று யோசிக்க வேண்டும்.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்க, பின்சக்கரம் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையதே. முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் வைத்து இன்றும் கார்கள் தயாராவது இதனால்தான். டிஸ்க் போட்டே தீரவேண்டும் என்றால் முன்சக்கரத்தில் தொடங்குவதே முறை.

விவசாயியின் வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் மூட்டைகளோடு வருகிறது. மதியம் காலியாகத் திரும்புகிறது. பாரம் இருக்கும்போது போதுமான பின் பிரேக், காலி வண்டியில் அதிகமாகிவிடும். ஈரச் சாலையில் பின்சக்கரம் இறுகி நின்றால் வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் சமாளிப்பது கடினம். சில சரக்கு வண்டிகளில் பாரத்துக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் ஆக்சில் அருகே இருக்கும். இடைஞ்சல் என்று அதைக் கழற்றிவிடுவோரும் உண்டு. அது பெருந்தவறு.

டிஸ்க்கை மட்டும் மாட்டினால் வேலை முடிந்துவிடாது. டிரம்முக்குள் ஷூ, சக்கரம் சுற்றும் வேகத்திலேயே மேலும் இறுகிப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. அதிக அழுத்தம் வேண்டும். காலிபரின் பிஸ்டன் பெரியது, அதிக பிரேக் ஆயில் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாமல் பெடல் தாழ்ந்து போகும். டிரம்முக்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு அப்படியே இருந்தால், பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேறும்.

கைபிரேக்கை மறந்தே விடுகிறார்கள். சில பழைய ஜீப்புகளில் அது கியர் பெட்டியின் பின்னே தனியாக இருக்கும். மற்றவற்றில் பின் டிரம்மோடு இணைந்தது. டிரம் போனால் கைபிரேக்கும் போகும். கைபிரேக் இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மந்தைவெளியிலோ திருவான்மியூரிலோ, வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நேர்ந்த பின் இன்சூரன்சில் கேள்வி எழக்கூடாதல்லவா?

உண்மையில், பின் பிரேக் பிடிக்கவில்லை என்று வரும் வண்டிகளில் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் எளிதாகவே இருக்கும். ஆக்சில் ஆயில் சீல் தேய்ந்து லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கும். அந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை. சீலையும் லைனிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். சீலை விட்டுவிட்டால் புது டிஸ்க்கிலும் அதே எண்ணெய்தான் வழியும். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடையலாம். ஆனால் கம்பெனி குறித்த அளவைத் தாண்டக்கூடாது, இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் கசிகிறதா என்றும் பாருங்கள். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். எனவே டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் இது 140 டிகிரி அளவுக்கும் இறங்கிவிடும். கொதித்தால் பெடல் வெறுமையாக இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட என்ஜின் ஆயில் ஊற்றக்கூடாது. ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

நனைந்த பிறகு சீக்கிரம் காய்வதில் டிஸ்க் மேல்தான், மறுப்பதற்கில்லை. டிரம்முக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தால் சிறிது நேரம் பிரேக் பிடிக்காது. வயல் சேற்றில் இறங்கிய வண்டியைச் சாலையில் ஏற்றுமுன் சக்கரங்களைக் கழுவுங்கள். மழை நாளில் தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கிய நீரைக் கடந்தவுடன், பின்னால் வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பெடலை நாலைந்து முறை லேசாக அழுத்துங்கள். லைனிங் சூடேறி ஈரம் போய், பிரேக் பிடிப்பது காலிலேயே தெரியும். அதன் பிறகு வேகம் எடுக்கலாம்.