முதல் படிகத்துக்குப் படிகாரமே சரி

படிகம் வளர்க்கும் சோதனை என்றதும் பலரும் சமையல் உப்பைத்தான் எடுக்கிறார்கள். வீட்டிலேயே இருக்கிறது, ஆபத்தும் இல்லை. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அது ஏற்ற பொருள் அல்ல. 100 மில்லி நீரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். கொதிக்கும் நீரிலும் 39 கிராம்தான். சூடான கரைசலை ஆறவைத்தால் பிரிந்து வருவது சொற்பமே. நீர் ஆவியாகப் போனால்தான் உப்பு மிஞ்சும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வெயிலும் காற்றும் அந்த வேலையைச் செய்கின்றன. டம்ளரில் செய்தால் பெரும்பாலும் விளிம்பில் வெள்ளைப் பொருக்குதான் ஏறும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரமோ 20 டிகிரியில் சுமார் 14 கிராம்தான் கரையும். 50 டிகிரியில் 36 கிராமைத் தாண்டும். ஆறும்போது வெளியேறும் இந்த மிச்சம்தான் எட்டு முகங்கள் கொண்ட படிகமாகிறது.

மிச்சம் எங்கே போய்ப் படிகிறது என்பதில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. ஆறிய கரைசலில் கொள்ளளவுக்கு மேல் படிகாரம் இருக்கும். இதை அதிதெவிட்டிய கரைசல் என்கிறார்கள். ஒரு தூசி, பாட்டிலில் ஒரு கீறல், பருத்தி நூலின் ஒரு பிசிறு கிடைத்தாலும் அங்கே புதுப் படிகம் முளைத்துவிடும். ஆயிரம் இடத்தில் முளைத்தால் எதுவும் பெரிதாகாது. அதனால் கரைசலை வடிகட்டி, நல்ல வடிவுள்ள ஒரு சிறு படிகத்தை மெல்லிய நைலான் இழையில் கட்டித் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டதும் பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். படிகத்திலிருந்து கண்ணாடிக் கோடு போல ஒன்று நெளிந்து கீழே இறங்கினால் அது கரைகிறது. கரைசல் இன்னும் தெவிட்டவில்லை. கோடு மேலே எழுந்தால் வளர்கிறது: படிகாரத்தை இழந்த நீர் லேசாகி மேலே போகிறது. நம் ஊரில் காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் மாறுவதால், இரவில் வளர்ந்த முனைகள் மதியத்தில் மழுங்கக்கூடும். வெயில் படாத, வெப்பம் அதிகம் மாறாத மூலையே நல்லது.

இவ்வளவு பொறுமை பிள்ளைகளுக்கு ஏது, ஃபிரிட்ஜில் வைத்தால் உடனே வந்துவிடுமே என்று கேட்கலாம். வரும், ஆனால் பொடியாக வரும். அதையும் செய்யட்டும்: ஒரே கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃபிரிட்ஜிலும் மற்றொன்றைத் துண்டில் சுற்றியும் வைத்தால், வேடிக்கையாக இருந்தது சோதனையாகிவிடும். பெரிய படிகத்துக்குத் தாமதம் கட்டாயமா என்பது இதைவிட வலுவான கேள்வி. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் லேசர் திட்டத்துக்காக, முன்பு இரண்டு ஆண்டுகள் பிடித்த ராட்சதப் படிகங்களைச் சுமார் இரண்டு மாதங்களில் வளர்த்தார்கள். அங்கே கரைசலை மிகத் தூய்மையாக்கி, வேண்டாத இடத்தில் படிகம் முளைக்காமல் பார்த்துக்கொண்டதால்தான் வேகம் சாத்தியமானது. அந்தத் தூய்மை வீட்டில் கிடைக்காது. அதற்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது நேரம்தான்.

மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) வளரும் படிகத்தின் நீலம் அழகுதான். ஆனால் நஞ்சு, வீட்டுக்கு வேண்டாம். படிகாரத்தையும் வாயில் வைக்க விடாதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்கும் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வளர்ந்த படிகத்தைத் துடைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். உலர்ந்த காற்றில் திறந்து கிடந்தால், உள்ளிருக்கும் நீரை மெல்ல இழந்து மேற்பரப்பு வெளுத்துவிடும்.