மஞ்சள் காமாலைக்கு கீழாநெல்லி போதுமா?

கண் லேசாக மஞ்சளித்தால் போதும். "கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து மூணு நாள் குடிங்க, பறந்துடும்!" என்று எதிர்வீட்டு மாமி முதல் பால்காரர் வரை சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது.

நம் கல்லீரலில் குளூட்டாதியோன் என்றொரு காவல்காரன் உண்டு. பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் உண்டாகும் விஷத்தை மடக்கிப் பிடிப்பது இதுதான். இது தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் சாக ஆரம்பிக்கும். இப்படிக் கல்லீரல் கெடுக்கப்பட்ட எலிகளுக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்தபோது சேதம் குறைந்தது. 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்' என்கிறார்களே, அந்தக் குணம்தான் இதற்குக் காரணம் என்கிறார்கள்.

எலி சரி, மனுஷனுக்கு?

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்த 37 பேர் 30 நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்டார்கள். 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது! வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அலசிய காக்ரேன் தொகுப்பு, 2011-ல் 'நம்பும்படியான ஆதாரம் இல்லை' என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குணமானது எப்படி? ஹெபடைடிஸ்-ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பேர் மட்டும் கீழாநெல்லிக்கு!

சிக்கல் இங்கேதான். மஞ்சள் காமாலை ஒரே வியாதி அல்ல. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளிக்கும். மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். எந்த இலையும் கல்லை நகர்த்தாது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ்-ஈ வந்தால் உயிருக்கே ஆபத்து. ஓயாத தூக்கம், பேச்சில் குழப்பம், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். எண்ணெயை, உப்பை நிறுத்தி நோயாளியைப் பட்டினி போடுவதும் வேண்டாத வேலை. கண்ணில் சாறு பிழிவது அதைவிட மோசம்.

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்ற நினைப்பும் சரியில்லை. சீந்தில் சாப்பிட்டு கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்டே தீருவேன் என்பவர்கள், முதலில் ரத்தப் பரிசோதனையில் எந்தக் காமாலை என்று தெரிந்துகொண்டு, டாக்டரிடமும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ஹெபடைடிஸ்-பி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.