மொய் விருந்துப் பணத்துல கடை போடலாமா? நோட்டைத் திறந்து கணக்குப் பார்ப்போம்



நீங்க சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்க்குறீங்க. சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். ஒருநாள் அப்பா போன் பண்றாரு: "தம்பி, வர்ற ஆடியில நம்ம மொய் விருந்து வைக்கிற முறை. எப்படியும் இருபது லட்சம் வரும். அதைப் போட்டு ஹார்டுவேர் கடையைப் பெருசாக்கிடலாம். பத்திரிகைல உன் பேரும் போட்டுடுறேன்."

வட்டி இல்லை, பேங்க் மேனேஜர் முன்னாடி கைகட்டி நிக்க வேண்டியதில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா "சரிப்பா" சொல்றதுக்கு முன்னாடி மூணு கணக்கைப் பார்த்துடுங்க.

மத்த ஊர்க்காரங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 'சின்ன கவுண்டர்' (1992) படத்துல வர்ற மொய் விருந்து, கஷ்டத்துல இருக்குறவங்களுக்கு ஊர் செய்யுற உதவி. அறந்தாங்கி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்துல அது ஒரு சுழற்சி நிதி. ஆடி, ஆவணியில பல பேர் சேர்ந்து செலவைப் பங்கு போட்டுக் கறி விருந்து வைப்பாங்க. வந்தவங்க சாப்பிட்டு மொய் எழுதுவாங்க. பேரு, ஊரு, தொகை எல்லாம் நோட்டுல ஏறும். அவங்க விருந்து வைக்கும்போது நீங்க அந்தத் தொகையோட கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுதணும். ஒரு குடும்பத்துக்கு முறை வர்றது பெரும்பாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. 2019-ல வடகாட்டுல ஒரே விருந்துல சுமார் 4 கோடி ரூபாய் வந்ததா செய்தி வந்துச்சு. அவ்வளவு பெரிய பணம் ஓடுற இடம் இது.

கணக்கு 1: இருபது லட்சத்துல உங்க பணம் எவ்வளவு?

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். மொத்த மொய் 20 லட்சம். அதுல 11 லட்சம், அப்பா இத்தனை வருஷமா மத்தவங்க விருந்துல எழுதினது திரும்பி வந்தது. மீதி 9 லட்சம் புது மொய். விருந்துச் செலவுல உங்க பங்கு 2 லட்சம். கையில நிக்குறது 18 லட்சம்.

இந்த 18-ஐயும் "லாபம்"னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. 11 லட்சம் உங்க வீட்டுப் பணம், வீடு திரும்பியிருக்கு, அவ்வளவுதான். 9 லட்சம் கடன். செலவு போக உங்களுக்குச் சொந்தமானது 9 லட்சம் மட்டும்.

அந்த 9 லட்சத்தை அஞ்சு வருஷத்துல திருப்பணும்னா, மாசக் கணக்குக்கு 15,000 ரூபாய். இது தேதி இல்லாத இஎம்ஐ. பேங்க் இஎம்ஐ மாசம் அஞ்சாம் தேதி வரும்னு தெரியும். மொய் இஎம்ஐ ஆடி, ஆவணியில மொத்தமா வரும், ஒரே வாரத்துல எட்டு பத்திரிகை வரும். கடையில சரக்கு வாங்கப் பணம் வேணும்கிற அதே நேரத்துல. அப்ப போன் உங்களுக்குத்தான் வரும்: "தம்பி, ஒரு ஐம்பதாயிரம் போட்டு விடேன்."

இன்னொரு ரிஸ்க், உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியவங்க எல்லாரும் ஒரே ஏரியா, பெரும்பாலும் ஒரே தொழில். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ இந்தப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோட சாஞ்சது. அந்த மாதிரி வருஷத்துல ஒருத்தர் இல்லை, எல்லாருமே சேர்ந்து கஷ்டப்படுவாங்க. உங்க கடையில வியாபாரம் குறையுற அதே வருஷம் உங்க மொய்யும் குறையும்.

கணக்கு 2: வருமான வரி இதை எப்படிப் பார்க்கும்?

வரிச் சட்டத்துல 'மொய்'னு ஒரு வார்த்தை கிடையாது. அன்பளிப்பா, கடனா என்ற ரெண்டு பெட்டியில ஒண்ணுலதான் அதைப் போட முடியும்.

அன்பளிப்புன்னா: அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, சித்தப்பா, மாமா, அத்தை மாதிரி சட்டம் சொல்ற உறவினர்கள் கொடுத்தா வரி இல்லை. சித்தப்பா பையன் கொடுத்தா? அவர் அந்தப் பட்டியல்லயே இல்லை! நண்பர்கள், ஊர்க்காரங்களும் இல்லை. இப்படிப்பட்டவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு மட்டுமில்லை, மொத்தத்துக்கும் வரி. கல்யாணத்துக்கு விலக்கு உண்டு, அதுவும் மணமக்களுக்கு மட்டும். காதுகுத்து, புதுமனை புகுவிழா, மொய் விருந்துக்கு அந்த விலக்கு கிடையாது.

கடன்னா: வாங்கின தொகை வருமானம் இல்லை, வரி இல்லை. ஆனா ஒருத்தர்கிட்ட 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா கடன் வாங்கக் கூடாது. வாங்கினா அதே அளவு தொகை அபராதமா வரலாம். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே 20,000 வரம்பு. ரெண்டு பக்கமும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரி கட்டுற அளவு வேற வருமானம் இல்லாதவங்களுக்கு ரொக்கமா கடன் வாங்குறதுல விலக்கு இருக்கு. சம்பளம் வாங்குற உங்களுக்கு இல்லை. அதனாலதான் சொல்றேன், பத்திரிகையில உங்க பேரைப் போடுறதும், பணத்தை உங்க அக்கவுன்ட்டுல போடுறதும் சின்ன விஷயம் இல்லை.

சேமிப்புக் கணக்குல ஒரு நிதியாண்டுக்குள்ள 10 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா கட்டினா, பேங்க் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். உங்க ஏஐஎஸ்-ல அது ஏறிடும். "இந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டா காட்டுறதுக்கு உங்க கையில இருக்குற ஒரே ஆதாரம் மொய் நோட்டு. 'ராமு மாமா 5,000'னு மட்டும் எழுதியிருந்தா அது ஆதாரம் ஆகாது. முழுப் பேரு, ஊரு, தேதி, பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவுன்னு தனித்தனி காலம் வேணும். 11 லட்சம் உங்க பழைய பணம்தான்னு நிரூபிக்க, அப்பா எழுதிக் கொடுத்த பழைய நோட்டும் வேணும்.

கணக்கு 3: கடையோட மதிப்பு என்ன?

18 லட்சத்துக்கும் சரக்கு இறக்கியாச்சு. உங்க மச்சான் வர்றாரு: "மாமா, 18 லட்சம் கடை. நான் 9 லட்சம் தர்றேன், பாதிப் பங்கு கொடுங்க." அப்பாவும் சந்தோஷமா தலையாட்டுறாரு.

இப்ப மொய்க் கடன் 9 லட்சம் யார் தலையில? கடைக் கல்லாவுல இருந்து கட்டுறதா இருந்தா, கடையோட நிகர மதிப்பு 18 கழித்தல் 9, அதாவது 9 லட்சம். பாதிப் பங்கு நாலரை லட்சம்தான். மச்சான் டபுள் விலை கொடுத்திருக்காரு. கடனை அப்பா சொந்தப் பொறுப்புல கட்டுறதா இருந்தா 9 லட்சம் சரியான விலை. எது எப்படின்னு பங்கு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதலைன்னா, மூணாவது ஆடியில குடும்பத்துல சண்டை நிச்சயம்.

அப்ப என்ன பண்ணலாம்?

1. பெரிய தொகை எழுதுற நெருங்கினவங்ககிட்ட யுபிஐ அல்லது பேங்க் டிரான்ஸ்ஃபர்ல அனுப்பச் சொல்லுங்க. வாங்குறது மட்டுமில்லை, திருப்புறதும் அப்படியே.

2. மொய்ப் பணத்தைக் கடையோட கரன்ட் அக்கவுன்ட்டுல நேரா கட்டாதீங்க. அது விற்பனை மாதிரித் தெரியும். பொருள் விற்கிற கடைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருஷத்துக்கு 40 லட்சம் விற்பனை. விற்காத பணத்தை விற்பனையா காட்டி மாட்டிக்க வேண்டாம். முதல்ல அப்பாவோட சேமிப்புக் கணக்கு, அங்கிருந்து முதலீடா கடைக்கணக்கு.

3. விருந்து முடிஞ்ச வாரமே நோட்டை எக்செல்ல ஏத்துங்க. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க.

4. புது மொய்யில பாதியையாவது கடையில போடாம, ஆர்டி அல்லது லிக்விட் ஃபண்டுல வைங்க. அடுத்த ஆடிக்கு அதுதான் கை கொடுக்கும்.

5. விருந்துக்கு முன்னாடியே ஆடிட்டரைப் பாருங்க. நோட்டீஸ் வந்த பிறகு பார்த்தா ஃபீஸும் கூட, டென்ஷனும் கூட.

மொய் விருந்து வேண்டாம்னு நான் சொல்லலை. அடமானம் கேட்காம, சிபில் ஸ்கோர் பார்க்காம, ஒரு ஊரே நம்பிக் கொடுக்குற பணம் அது. நம்பிக் கொடுத்த பணம்கிறதாலதான் அதுக்கு இன்னும் சரியா கணக்கு வேணும். இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனா, பீரோவுல இருக்குற அந்தப் பழைய நோட்டை எடுத்து அப்பாவோட உட்காருங்க. வர வேண்டியது ஒரு பக்கம், தர வேண்டியது ஒரு பக்கம். கூட்டிப் பார்த்துட்டு, அப்புறம் "சரிப்பா" சொல்லுங்க.