சக்கரத்தடியில் ஒரு சிவப்புத் துளி

ஆகாய விமானம் என்றதும் நமது கண்கள் இறக்கைகளையே நாடுகின்றன. ஆயினும், பறந்தவர் பத்திரமாகத் தரை சேர்வது சக்கரங்களின் தயவினாலன்றோ?

1955ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்சக்கரக் காலினுள் எண்ணெயும் அமுக்கப்பட்ட காற்றும் உள்ளன. தரையில் இறங்கும் அதிர்ச்சியை அவை தாங்குகின்றன. அக்காலிற் படியும் மண்ணைத் துடைக்காவிடின், உள்ளேயுள்ள றப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசியும்.

பிறேக் இருப்பதோ பின்சக்கரங்களில் மாத்திரமே. அதனை இயக்குவது சிவப்பு நிறமான கனிய எண்ணெய். மோட்டார் வண்டியின் பிறேக் எண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றினால், றப்பர் வளையங்கள் கெட்டுப் பிறேக் பிடியாது போகும்.

ஆகவே, புறப்படுமுன் டயரில் வெட்டுக்காயம் உண்டா, காற்றுக் குறைந்துளதா, சக்கரத்தடியிற் சிவப்புத் துளி சிந்தியுளதா எனக் குனிந்து நோக்குதல் வேண்டும். துளியைக் கண்டால், பழுது தீருமட்டும் பயணத்தை நிறுத்துவதே அறிவுடைமை. ஓடுபாதையின் முடிவில் அதனை உணர்ந்து பயன் யாது?